குகைக்குள் எடுத்துப்போக எந்த ஃப்ளாஷ் வாங்கலாம்?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் வரும் பிப்ரவரியில் மேகாலயா போகிறோம். போன தடவை சோஹ்ராவில் (சிரபுஞ்சி) மாவ்ம்லு குகைக்குள் என் கேனன் 1500டி கேமராவில் இருக்கிற ஃப்ளாஷை வைத்தே படம் எடுத்தேன். முன்னால் நின்றவன் முகம் வெளிறிப்போய், பின்னால் எல்லாம் ஒரே கறுப்பு, நடுவில் பனி பெய்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். லென்ஸ் 18-55 மட்டும்தான். 25,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கேனன் கம்பெனி ஃப்ளாஷாகவே நல்லதாக ஒன்று வாங்கு என்கிறான் நண்பன். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு, பவரை நாமே கையால் வைக்கிற சாதாரண மேனுவல் ஃப்ளாஷ் இரண்டும், கேமரா மேல் மாட்டி அவற்றைத் தூரத்திலிருந்தே அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிகர் ஒன்றும் வாங்குங்கள். உங்கள் நண்பர் சொல்வது கல்யாண வீட்டுக்குச் சரி, குகைக்குச் சரிப்படாது.

காரணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது. அந்த வெள்ளைப் புள்ளிகள் கேமரா கோளாறு இல்லை. குகைக்குள் காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய நூறு சதவீதம். நீங்கள் விடும் மூச்சு, நனைந்த சட்டையிலிருந்து கிளம்பும் ஆவி, மேலேயிருந்து சொட்டும் தண்ணீரின் சிதறல் எல்லாமே லென்ஸுக்கு முன்னால்தான் மிதந்துகொண்டிருக்கும். ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருந்தால் வெளிச்சம் முதலில் அதில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்பி வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃப்ளாஷாக இருந்தாலும் கேமரா தலையில் மாட்டினால் இதே கதிதான், புள்ளிகள் இன்னும் பளிச்சென்று விழும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ ஆளுக்குப் பின்னாலிருந்தோ வரும்போதுதான் பாறையின் மடிப்பு எழுந்து தெரியும், தண்ணீர் மின்னும், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் திரைகளுக்குள் ஒளி புகுந்து வெளியே வரும். அந்தத் திரையைப் பின்னாலிருந்து ஒரு தடவை ஃப்ளாஷ் அடித்துப் பாருங்கள், தேன் நிறத்தில் வரிவரியாகத் தெரியும். அதற்காகவே குகைக்குப் போகலாம்.

அடுத்து, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர், அதாவது ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண். கோடாக்ஸ் டிடி600-ஐயே எடுத்துக்கொள்வோம், நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் அதைத்தான். அதில் 60 என்று இருக்கும். ஃப்ளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமில் வைத்து, வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவித்துக் கிடைத்த எண் அது. நீங்களோ குகையை லென்ஸின் 18 மி.மீ.யில் அகலமாக எடுக்கப்போகிறீர்கள், ஃப்ளாஷ் தலையையும் 24-க்குப் பக்கத்தில் வைத்தாக வேண்டும், அங்கே அந்த 60 பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சரி, 28 என்று வைத்துக்கொள்வோம். இதை எஃப் எண்ணால் (லென்ஸ் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு) வகுத்தால், ஐஎஸ்ஓ 100-ல் (ஐஎஸ்ஓ என்பது கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு) வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அந்தத் தூரம் இரண்டு மடங்கு. ஆக எஃப் 5.6-ல், ஐஎஸ்ஓ 400-ல் 10 மீட்டர். இதுவும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற வெள்ளைச் சுவர் அறைக்குத்தான் சரியாக வரும். சேறு அப்பிய ஈரப்பாறை வெளிச்சத்தைக் குடித்துவிடும், அங்கே பாதியை மட்டும் நம்புங்கள்.

ஐந்து மீட்டர்தானா என்று சோர்ந்துவிட வேண்டாம். இந்தத் தூரம் ஃப்ளாஷுக்கும் பாறைக்கும் நடுவில் இருப்பது, கேமராவுக்கும் பாறைக்கும் நடுவில் இருப்பது இல்லை. நீங்கள் 20 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, ஃப்ளாஷை நண்பர் கையில் கொடுத்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால், இந்தச் சின்ன ஃப்ளாஷே அந்த இடத்தை நிரப்பிவிடும். இன்னொன்றை நடுவில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்தால் ஆளின் ஓரங்கள் வெளிச்சத்தில் வரையப்பட்ட மாதிரி வரும். உங்கள் குழுவில் ஐந்து பேர் இருக்கிறீர்கள், அதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. பெரிய பவர் ஃப்ளாஷ் ஒன்றை விட, சரியான இடத்தில் நிற்கும் இரண்டு பேர் கையிலுள்ள சின்ன ஃப்ளாஷ் பல மடங்கு மேல்.

டிடிஎல் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். டிடிஎல் என்றால் ஃப்ளாஷ் முதலில் மெல்ல ஒரு தடவை அடித்து, திரும்பி வரும் ஒளியைக் கேமரா அளந்து, அப்புறம் பவரை அதுவாகவே முடிவு செய்வது. குகையில் படத்தின் முக்கால்வாசி கறுப்பு, அங்கிருந்து எதுவும் திரும்பி வராது, கேமராவும் வெளிச்சம் பற்றவில்லை என்று பவரை ஏற்றி முன்னால் நிற்பவரை வெளுத்துவிடும். உங்கள் நண்பரின் முகம் அப்படித்தான் போனது. மேனுவலில் கால் பவரில் ஒன்று அடித்துப் பார்த்து, கூட்டிக் குறைத்து, மூன்றாவது படத்தில் சரியான அளவுக்கு வந்துவிடலாம். குகையில் வெளிச்சம் மாறப்போவதே இல்லை என்பதால் ஒரு முறை பிடித்த அளவு அங்கேயே நிற்கும்.

இப்போது உங்கள் கேமராவுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். கடைக்குப் போகும் முன் 1500டி-யின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் தண்டவாளத்தை உற்றுப் பாருங்கள். மற்ற கேமராக்களில் நடுவில் பெரிதாக ஓர் உலோகப் புள்ளி இருக்கும், உங்களுடையதில் இருக்காது. 3000டி, 200டி மார்க் 2 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். விலை குறைந்த ட்ரிகர்கள் பலவும் அந்தப் புள்ளியை நம்பித்தான் வேலை செய்கின்றன, டிடி600-ஐயே நேராக மேலே மாட்டினாலும் அடிக்காது. அதனால் ட்ரிகரை மட்டும் கேனனுக்கென்று வருகிற கோடாக்ஸ் எக்ஸ்2டி மாடலாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கும்போது கேமராவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டி அடித்துப் பாருங்கள். அடிக்கவில்லை என்றால் அந்த ட்ரிகரின் மென்பொருள் பழையதாக இருக்கலாம், புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். ஃப்ளாஷ்கள் எந்தக் கம்பெனிக் கேமராவுக்கு என்ற கேள்வியே இல்லை, அவை தனியாகத்தானே நிற்கப்போகின்றன.

ரேடியோ நேர்ப்பாதையில் நன்றாகப் போகும். பாதை வளைந்து, நடுவில் பாறை வந்துவிட்டால் நின்றுவிடும். நனைந்த மனித உடம்பும் இந்த அலையைத் தடுக்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால் மறைத்த ஃப்ளாஷ் அடிக்கவில்லை என்றால் அதைத் தோள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். வளைவுக்கு அப்பால் ஒன்று வேண்டும் என்றால் அதை மட்டும் எஸ்1 முறையில் வையுங்கள், முதல் ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்ததும் தானாக அடிக்கும். வெயிலில் தடுமாறுகிற இந்த வசதி, குகையின் கும்மிருட்டில் அருமையாக வேலை செய்யும். எதுவுமே வேலை செய்யவில்லை என்றாலும் முக்காலி ஒன்று கையில் இருந்தால் போதும். ஹெட்லைட்டுகளை அணைக்கச் சொல்லி, ஷட்டரை பல்ப் முறையில் (நாம் விடும் வரை மூடாமல் இருக்கும்) திறந்து வைத்து, நண்பரைக் கூப்பிட்டு ஃப்ளாஷின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், பிறகு மூடுங்கள். 1866-ல் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் சார்லஸ் வால்டாக் மக்னீசியம் எரித்துப் படம் எடுத்தபோதும் அடிப்படை இதுதான்: லென்ஸைத் திறந்து வை, வெளிச்சம் கொடு, மூடு.

இரண்டு ஃப்ளாஷுக்கும் நான்கு நான்கு பென்சில் செல் வேண்டும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களாகவே வாங்குங்கள், மாற்றுக்கு இன்னொரு செட்டும் சேர்த்து. பெட்டிக்கடை செல்லில் ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ் தயாராவதற்குள் தண்ணீரில் நிற்பவருக்குக் குளிர் ஏறிவிடும். லித்தியம் பேட்டரி ஃப்ளாஷ் வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது உள்ளே தீர்ந்துபோனால் வேறு யாரிடமும் வாங்கிப் போட முடியாது.

மிச்சப் பணத்தில் அகல வாயும் திருகு மூடியும் உள்ள கெட்டி பிளாஸ்டிக் டிரம் ஒன்று, உள்ளே சுற்றி வைக்க ஒரு பழைய டவல். இந்த ஃப்ளாஷ்களுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. வெளியே எடுத்தபின் ஆளுக்கொரு கண்ணாடி ஜிப் கவரில் போட்டே பிடிக்கட்டும், ரேடியோவுக்கு அது தடையில்லை. ஆனால் முழுப் பவரில் அடுத்தடுத்து அடித்தால் ஃப்ளாஷ் தலை சூடாகிக் கவர் உருகும், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே செல்லைக் கழற்றுங்கள், அடிக்கிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள், திறக்கவும் முயலாதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும், செல் இல்லாவிட்டாலும்.

வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும் இடத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். குளிர்காலத்தில் உறங்கும் வௌவாலை எழுப்பினால் அது சேர்த்து வைத்த சக்தி வீணாகி, இரை கிடைக்கும் காலம் வரை தாங்காமல் போகலாம். அப்புறம் ஊர் திரும்பி அஜந்தா போகிற திட்டம் இருந்தால் இந்த மூட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே ஓவியங்கள் முன்னால் ஃப்ளாஷுக்கு அனுமதி கிடையாது.

புறப்படும் முன் ஒரு ராத்திரி வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச் கூட இல்லாமல், இரண்டு ஃப்ளாஷின் பவரையும், ட்ரிகரோடு பேசும் ரேடியோ சேனலையும் கையால் தடவியே மாற்றிப் பழகுங்கள். படம் எடுக்கும்போது மூச்சை வெளியே விட்டு, அந்த ஆவி கலையும் வரை பொறுத்து, பிறகு பொத்தானை அழுத்துங்கள்.