85,000 ரூபாய்க்கு முன்னால் ஒரு எஸ்எம்பிஎஸ்

கேள்வி: கோத்தகிரி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வயது 27. வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான் ஒரு ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 24,000 ரூபாய். 2018-ல் சேர்த்த என் கேமிங் கம்ப்யூட்டர் (ரைசன் 5 1600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம்) கேம் ஆரம்பித்துப் பத்தே நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. மற்ற நேரம் நன்றாக ஓடுகிறது. போர்டு போய்விட்டது, மாற்ற 11,000 ஆகும், அதைவிடப் புதிதாகவே 85,000-க்குச் சேர்த்துவிடலாம், தவணை போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். சேமிப்பு 42,000 இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: விளையாட்டுக்கு இவ்வளவு பணமா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆறு மணிக்கே பனி இறங்கி ஊர் அடங்கிவிடுகிற இடத்தில் உங்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று தெரியும். என் கவலையெல்லாம், எது கெட்டுப்போயிற்று என்றே தெரியாமல் 85,000-க்குக் கையெழுத்துப் போடப்போகிறீர்களே என்பதுதான்.

போர்டு போயிருந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கிளம்பவே அடம்பிடிக்கும். உங்களுடையது கேம் போட்டால் மட்டும், அதாவது கிராபிக்ஸ் கார்டு முழு மின்சாரம் கேட்கும்போது மட்டும், அணைகிறது. அப்படியானால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி மேல். அடுத்தது ப்ராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, பிறகு கரண்ட் ஏறி இறங்கி வருவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். அத்தனை அடியையும் முதலில் வாங்குவது எஸ்எம்பிஎஸ்தான். வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டி, கேம் போட்டு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னூறு ரூபாய் கேட்டாலும் கொடுங்கள். பேஸ்ட்டையும் மாற்றி, ரேம் கால்களை அழிரப்பரால் துடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பாகத்துக்குக் காசு கொடுக்கும் முன்னும் ஒன்றை யோசியுங்கள்: நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் சேர்த்தால் இது அதற்குக் கூட வருமா? நல்ல எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், எஸ்எஸ்டி எல்லாம் வரும். அவற்றில் போடும் பணம் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த முன்பணம் மாதிரி. பழைய வகை போர்டு வராது. உங்களிடம் இருக்கும் டிடிஆர்4 வகை ரேமும் வராது, புதிய டிடிஆர்5 போர்டில் அது பொருந்தாது. அதனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நாலாயிரம், ஐயாயிரம் தாராளமாகச் செலவழிக்கலாம். போர்டுக்கு 11,000 வேண்டவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸைக் கோயம்புத்தூரில் நூறு, இருநூறு குறைகிறதே என்று வாங்காமல் பக்கத்திலேயே வாங்குங்கள். வாரண்டிக்காக ஒரு தடவை மலை இறங்கி ஏறினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

கூட வராவிட்டாலும் நான் சரி என்று சொல்லும் செலவு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசசர் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை. ஆனால் உங்கள் பி450 போர்டில் பயாஸை (கம்ப்யூட்டரைக் கிளப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் அதே இடத்தில் ரைசன் 5 5600 உட்காரும். விளையாட்டும் வேகமாகும், இன்னும் சில வருஷம் ஓடும். இதைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்யுங்கள். அதுவரை வங்கி வேலையை இந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தவணை. சேமிப்பு முழுவதையும் கொடுத்து, மீதி 43,000-ஐ 15 சதவீத வட்டியில் 18 மாதத் தவணையாக எடுத்தால் மாதம் சுமார் 2,680 கட்ட வேண்டும். வட்டி மட்டும் 5,200-க்கு மேல். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எனக்கு வட்டியைவிடப் பெரிய பயம், கையில் ஒரு ரூபாய் இல்லாமல் நிற்பீர்களே என்பது. மார்கழி, தை உறைபனியில் கொழுந்து கருகினால் தோட்டத்து வருமானம் நின்றுவிடும். இலை விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அந்த மாதங்களில் வீட்டைத் தாங்க வேண்டியது உங்கள் சம்பளமும் இந்த 42,000-மும்தான். அதே 2,680-ஐ ஆர்டியில் போட்டால் 18 மாதத்தில் வட்டியைச் சேர்க்காமலே 48,240 இருக்கும்.

சோதித்த பிறகும் போர்டுதான் போயிற்று என்று உறுதியானால் மட்டும் புதிதுக்குப் போங்கள். அப்போதும் ஜிடிஎக்ஸ் 1060-ஐ விட்டுவிடாதீர்கள். புதுப் போர்டு, ப்ராசசர், ரேம் மட்டும் வாங்கி, பழைய கார்டை அதில் மாட்டி ஒரு வருஷம் ஓட்டலாம். பழைய ப்ராசசரையும் ரேமையும் தனித்தனியாக விற்றால் கொஞ்சம் திரும்ப வரும்.

எதுவானாலும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் ப்ராசசர் 65 வாட், கார்டு 120 வாட், தாங்கும். ப்ராசசர் மாற்றுவதானால், பழையது மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் நல்ல போர்டும் போய்விடலாம். அதனால் யூபிஎஸ் வந்த பிறகு, மழை இல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.