காரங்காட்டுச் சேற்றின் கரிமப்பொருள்: அலையாத்தியா, கடற்புல்லா?
ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலுள்ள காரங்காட்டுச் சேற்றின் கரிமப்பொருள் (உயிரினங்களின் மக்கிய எச்சம்) அலையாத்தி இலையிலிருந்து வந்ததா, பாக் விரிகுடாக் கடற்புல்லிலிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) அளவு இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஒரு பொதுத் தரப்பொருளைவிட அது ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்பதே இங்குள்ள எண். அலையாத்தி இலை ஆயிரத்துக்குச் சுமார் −28. கடற்புல் −11 அருகில். கடல் மிதவைப்பாசி −20 முதல் −22.

இங்கேதான் சறுக்கல். இலையும் புல்லும் சரிபாதி கலந்தாலும் ஏறத்தாழ −20 தான் வரும். மிதவைப்பாசி என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். அதனால் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான வகை) அளவு, கார்பன்-நைட்ரஜன் விகிதம் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். மிதவைப்பாசியில் அந்த விகிதம் 6–7. அலையாத்தி இலையில் பல மடங்கு அதிகம்.

அதைவிடப் பெரிய தொல்லை சுண்ணாம்பு. சிப்பித்தூள், பவளத்தூளின் கார்பன்-13 அளவு 0 அருகில் நிற்கும். நீக்காவிட்டால் சேறு கடற்புல் பக்கம் சாய்ந்து தெரியும். சேற்றை 60 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, அரைத்து, வெள்ளிக் குப்பியில் எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நுரை அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள். தகரக் குப்பி வேண்டாம், அமிலம் அரித்துவிடும். நைட்ரஜன் அளவையும் அமிலம் மாற்றக்கூடும். அதற்கு அமிலம் படாத பங்கைத் தனியாக வையுங்கள். ஒப்பீட்டுக்கான இலை, புல், பாசியை அதே கரையில், அதே பருவத்தில் எடுங்கள். புத்தக எண்கள் போதாது.