ஃப்ரீலான்ஸாக ஒப்பந்த வேலை செய்பவர்களுக்கு லிங்க்ட்இன் மாதிரி தளங்களால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் "புரொஃபைல் போட்டு வைத்தால் வேலை தானாக வரும்" என்ற நினைப்பில் கேட்கிறீர்கள் என்றால், வராது. நம்மைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்ட ஒருவர் "ஆள் சரிதானா?" என்று எட்டிப் பார்க்கும் இடம் அது. கூட வேலை பார்த்தவர்கள் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியவரும் இடமும் அதுதான். எனக்கு இந்த இரண்டும் நன்றாகவே உதவியிருக்கின்றன. மற்றதெல்லாம் சத்தம்.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை பக்கம். ஸ்டீல் டீடெய்லிங் வேலை. கட்டடத்துக்கான இரும்பை வெட்டி, துளை போட்டு, வெல்டிங் செய்யும் பட்டறைக்குத் தேவையான ஷாப் டிராயிங் போட்டுத் தருவது. சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே எடுத்துச் செய்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா இன்னமும் "மக்களே, வேலைக்கொண்ணும் போவல்லியா?" என்றுதான் கேட்கிறார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 2003இல் தொடங்கி, 2016இல் மைக்ரோசாஃப்ட் 26.2 பில்லியன் டாலருக்கு வாங்கிய லிங்க்ட்இன்னுக்குப் பெரிய வருமானமே ஆள் எடுக்கும் கம்பெனிகளிடமிருந்து வருவதுதான். அங்கே உட்கார்ந்து தேடுகிற ஹெச்ஆர் ஆட்களுக்கு வேண்டியது மாதச் சம்பளத்துக்கு வருகிறவர். தலைப்பில் கொட்டை எழுத்தில் "ஃப்ரீலான்ஸ்" என்று போட்டிருந்தாலும், "நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? பெங்களூர் வரத் தயாரா?" என்றுதான் மெசேஜ் வரும். எனக்கு நானே நோட்டீஸ் கொடுத்தால்தான் உண்டு. அதனால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடும் "வேலை தேடுகிறேன்" வசதியை நம்மைப் போன்றவர்கள் தொட வேண்டாம். சேவை வழங்குகிறேன் என்று காட்டத் தனி வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அப்வொர்க் வேறு கதை. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு ஃப்ரீலான்ஸ் தளங்கள் இணைந்து, 2015இல் இந்தப் பெயருக்கு மாறிய தளம் அது. அங்கே வேலையே பட்டியலாகக் கிடக்கும், ஆனால் கேட்டு எழுதுவதற்கே பெரும்பாலும் காசு கொடுத்து 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன் வாங்க வேண்டும். வேலை கிடைத்தாலும் அவர்கள் பங்கு போகும், போட்டியில் ரேட்டும் இறங்கும். அறிமுகமே இல்லாத ஆளிடம் பணம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஓரளவு பாதுகாப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே எழுதினார்: வேலை பற்றிய புதுச் சேதி நெருங்கிய நண்பர்களைவிட, அவ்வளவாகப் பழக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வரும் என்று. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவ்வளவுதான் காரணம். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனைகளின் முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முழுக்க அந்நியமும் இல்லாமல் நடுவில் இருக்கிற தொடர்புகள்தான் வேலை மாற அதிகம் உதவின என்றார்கள். அது சம்பள வேலையைப் பற்றிய ஆய்வு. ஆனால் எனக்கு ஒப்பந்த வேலை வந்த வழியும் அதேதான்.

சென்னைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஒரு மதுரைப் பையன் இருந்தான். என் டீம் கிடையாது, டீக்கடையில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அவன் ஷார்ஜாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் சேர்ந்துவிட்டதைத் தளம்தான் காட்டியது. வாழ்த்து சொல்லி, "நான் இப்போ தனியா எடுத்து பண்றேன் தம்பி, ஸ்டேர், ஹேண்ட்ரெயில் வந்தா சொல்லு" என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். பல மாதம் சத்தமே இல்லை. பிறகு ஒரு ராத்திரி, "அண்ணே, ஸ்டேர் கொஞ்சம் இருக்கு, எங்க ஆளுங்களுக்கு டைம் இல்ல. செய்வீங்களா?" என்று வந்தது. மறுநாள் அவனுடைய மேனேஜர் என் புரொஃபைலைப் பார்த்ததாக அறிவிப்பு. ரேட் பேச்சு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அவன் மெசேஜ் போடாமல், அந்த மேனேஜரே தேடி என்னைக் கண்டுபிடித்திருப்பாரா? வாய்ப்பே இல்லை.

அப்படி எட்டிப் பார்க்கிறவருக்கு என்ன காட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் தொழிலில் கிளையன்ட் டிராயிங்கை வெளியே போடக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்போம். அதற்காக "கடின உழைப்பாளி, குழு மனப்பான்மை உள்ளவர்" என்று எழுதி வைத்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மொட்டைமாடிக்கு ஏறுகிற இரும்புப் படிக்கட்டை டேப் வைத்து அளந்து, ஆட்டோகேடில் முழு ஷாப் டிராயிங்காகப் போட்டு ஏற்றினேன். மூலையில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: படியின் உயரம் 190 மில்லிமீட்டர், அமெரிக்காவின் ஐபிசி கட்டட விதிப்படி வணிகக் கட்டடத்தில் 178க்கு மேல் போகக் கூடாது, ஆகவே இந்தப் படிக்கட்டு அங்கே தேறாது. போனில் பேசியபோது மேனேஜர் கேட்டது அந்தக் குறிப்பைப் பற்றித்தான். என் படிப்பைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

ரெக்கமண்டேஷன் இரண்டு மூன்று இருந்தால் போதும், நம்மிடம் வேலை வாங்கியவர்கள் எழுதியதாக இருக்க வேண்டும். ஸ்கில் எண்டோர்ஸ்மென்ட்டை யாரும் மதிப்பதில்லை. டெக்லா என்ற ஸ்டீல் டீடெய்லிங் மென்பொருளைக் கண்ணால்கூடப் பார்த்திராத என் சித்தப்பா மகன், எனக்கு டெக்லா தெரியும் என்று சாட்சி சொல்லியிருக்கிறான்.

யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கலும் உண்டு. நிறைய ஒப்பந்த வேலை நடுவில் ஓர் ஏஜென்சி வழியாகத்தான் வரும். "எங்கள் கிளையன்டை நேரடியாக அணுகக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடக்கும். வேலை நடக்கிறபோது கிளையன்ட் பக்கத்து இன்ஜினியர் நல்ல மனதோடு கனெக்‌ஷன் அனுப்புவார், நாமும் ஏற்போம். ஏஜென்சிக்காரர் அதைப் பார்த்தால் அவருக்கு வேறு மாதிரித்தான் தோன்றும். என்னிடம் ஒருவர் அதையே காரணமாகச் சொல்லி கடைசி பில்லை இழுத்தடித்தார். ஆகவே அப்படி வரும் அழைப்பை ஏற்பதற்கு முன் ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படித்துவிடுங்கள். நம் தொடர்புப் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி செய்ய செட்டிங்ஸில் வழி இருக்கிறது, இன்றைக்கே மாற்றுங்கள். போட்டியாளருக்கு நம் கிளையன்ட் பட்டியலைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டியதில்லை.

ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டு என்பவர்கள், சாம்பிள் என்ற பெயரில் ஒரு முழு மாடியையே ஓசியில் வரையச் சொல்பவர்கள், எல்லோரும் அங்கேயும் இருக்கிறார்கள். அது தெரிந்த கதை.

நம்ம மாவட்டத்தில் எல்லாருக்கும் இது தேவையா என்றால், இல்லை. மார்த்தாண்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டருக்கு ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தையும், வாட்ஸப் ஸ்டேட்டஸில் முடிந்த வீட்டின் படமும் போதும். ஐடி பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரத்தின் ஐடி வளாகமான டெக்னோபார்க் எட்டும் தூரம். இரணியலிலும் குழித்துறையிலும் ஏறி தினமும் திருவனந்தபுரம் போய் வருகிற கூட்டத்தில், எந்தக் கம்பெனி வெளியே வேலை கொடுக்கிறது என்பது தளத்தில் வருவதற்கு முன்பே ரயில் பெட்டியில் தெரிந்துவிடும். கிளையன்ட் கடல் தாண்டி இருந்து, நேரில் பார்க்க வழியே இல்லாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் புரொஃபைல் கட்டாயம்.

பிரீமியம் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரும்பாலும் முதல் மாதம் இலவசமாகத் தருவார்கள். யார் யார் வந்து பார்த்தார்கள் என்ற பட்டியல் மட்டும் எனக்குச் சுவாரசியமாக இருந்தது, மாதாமாதம் காசு கொடுக்கும் அளவுக்கு இல்லை. எடுத்துப் பார்ப்பதானால், கார்டில் பணம் பிடிப்பதற்கு முந்தைய நாளுக்குப் போனில் அலாரம் வைத்துவிட்டு எடுங்கள்.