வேம்படிக்காகக் கோண்டாவிலில் ஒத்திக்கு வீடு எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மகள் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். ஆறாம் தரத்துக்கு யாழ்ப்பாண நகரின் பெண்கள் பாடசாலைகளான வேம்படிக்கும் யாழ். இந்து மகளிருக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். மகன் மூன்றாம் தரம். கணவர் அரச உத்தியோகத்தர், கையில் 82,000 வரும். எனக்குத் தையலில் மாதம் 25,000 வரை வரும். கனடாவில் இருக்கும் கணவரின் தமையனாருக்குக் கோண்டாவிலில் வீடு இருக்கிறது. 30 இலட்சம் ஒத்தியாக, அதாவது முடிவில் திருப்பித் தரும் தொகையாகத் தந்தால், பிள்ளை உயர்தரம் முடிக்கும்வரை எட்டு வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம் என்கிறார். கொக்குவிலில் இதே அளவு வீட்டுக்கு 25,000 வாடகை கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியிலிருக்கும் சாவகச்சேரி போதும் என்பது கணவரின் எண்ணம். சேமிப்பு 8 இலட்சம் இருக்கிறது, வங்கிக்கடன் 12 இலட்சம் 14 வீதத்துக்குக் கிடைக்கும். மிச்சம் 10 இலட்சத்துக்கு மீதி நகையை அடைவு வைக்கலாம். ஏற்கனவே 9 இலட்சத்துக்கு அடைவில் நகை இருக்கிறது, வட்டி 13 வீதம். அதோடு, காப்புறுதி முகவர் ஒருவர் மாதம் 8,000 கட்டினால் 15 வருடத்தில் 40 இலட்சம் வரும் என்று பிள்ளைகளின் கல்வித் திட்டம் ஒன்று சொல்கிறார். இரவில் நித்திரை இல்லை. என்ன செய்வது?

பதில்: வரவு செலவை எழுதி வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய கணக்கு எனக்கு வரும் பல கடிதங்களில் இருப்பதைவிட ஒழுங்காக இருக்கிறது. ஊரைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த 9 இலட்சத்தை முதலில் பார்க்க வேண்டும்.

2021இல் கணவரின் தங்கை மகளின் கல்யாணத்துக்கு 3 இலட்சம். 2023இல் தமையனாரின் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப 4 இலட்சம். போன வருடம் தமையனார் குடும்பத்தோடு வந்தபோது வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக் கிணறு இறைத்துக் கொடுத்ததில் 2 இலட்சம். மூன்று முறையும் "பிறகு தருகிறோம்" என்றார்கள், மூன்று முறையும் உங்கள் நகைதான் வங்கிக்குப் போனது. ஒருமுறைகூட முழுதாக மீட்கவில்லை. வருடம் முடிய வட்டியைக் கட்டி, அடைவுச் சீட்டைப் புதுப்பித்து வைக்கிறீர்கள். இன்றைய கணக்கில் வருடத்துக்கு 117,000 ரூபாய், மாதத்துக்கு 9,750. இதுவரை கட்டிய வட்டியே 3 இலட்சத்தைத் தாண்டியிருக்கும், முதல் அப்படியே நிற்கிறது.

சகோதரி, உங்களை வருத்துவது இந்தப் பழக்கம்தான். பள்ளிக்கூடமோ வீடோ அல்ல. உறவுக்காரர் கேட்டால் நகையை எடுத்துக் கொடுப்பது, பிறகு வட்டியோடு மட்டும் காலம் தள்ளுவது. கோண்டாவில் வீடு அதன் நான்காவது தவணை. இந்த முறை கேட்பது 30 இலட்சம் என்பதாலும், பிள்ளையின் படிப்பு என்ற பெயரில் வருவதாலும், இது உதவி கேட்பதாகவே உங்களுக்குத் தெரியவில்லை. தமையனாருக்கு இப்போது 30 இலட்சம் தேவைப்படுகிறது. அதை அவர் வங்கியில் கேட்காமல் உங்களிடம் கேட்கிறார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் கொடுக்கல் வாங்கலில் அவர் நிற்கும் இடம் அதுதான்.

ஒத்தி நமக்குப் புதிதல்ல. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதில் காணியின் விளைச்சலை எடுப்பது 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே இருக்கிறது. கையில் சும்மா கிடக்கும் காசை வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். கடன் வாங்கி ஒத்தி கொடுப்பவருக்கு அது வாடகை வீடுதான், வாடகை வங்கிக்குப் போகிறது.

கணக்கைப் போடுவோம். 12 இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் முதல் வருட வட்டி ஏறக்குறைய 168,000. புதிய அடைவு 10 இலட்சத்துக்கு 13 வீதம், 130,000. சேமிப்பு 8 இலட்சம் நிலையான வைப்பில் 8 வீதம் தருகிறது என்கிறீர்கள், அதில் இழப்பது 64,000. மூன்றையும் கூட்டினால் 362,000. மாதத்துக்கு 30,000 ரூபாய். கொக்குவிலில் கேட்பது 25,000. முதலைக் கட்டக் கட்டக் கடன் வட்டி குறையும் என்பது உண்மைதான், ஆனால் முதலையும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் கட்டப் போகிறீர்கள்.

மாதம் கையைவிட்டுப் போகும் காசாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 12 இலட்சத்தை ஐந்து வருடத்தில் கட்ட மாதம் 28,000 வரும். புதிய அடைவின் வட்டி 10,800. பழைய அடைவின் வட்டி 9,750. எல்லாம் சேர்த்து 48,500. வரவை நீங்கள் 107,000 என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். உங்களிடம் தைக்கக் கொடுப்பவர்கள் கிளிநொச்சியில் இருக்கிறார்கள், அவர்கள் கோண்டாவிலுக்கு வரமாட்டார்கள். புது இடத்தில் ஆட்கள் சேரும்வரை தையலைப் பாதியாகப் போடுங்கள். அப்போது வரவு 94,500, மிஞ்சுவது 46,000. அதற்குள் சாப்பாடு, கணவரின் பயணம், இரண்டு பிள்ளைகளின் ரியூசன். ஒரு காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்கள்? திரும்பவும் அடைவுக்கு. ஆனால் அப்போது வைக்க நகை இருக்காது.

எட்டு வருடம் கழித்து 30 இலட்சம் திரும்பி வருமே என்பீர்கள். வரும் என்றே வைத்துக்கொள்வோம். 2019இல் டொலர் 180 ரூபாய் அளவில் நின்றது, 2024இல் 300ஐ ஒட்டி. 2019இல் 30 இலட்சம் ஒத்தி கொடுத்து ஐந்து வருடத்தில் அதையே திரும்ப வாங்கியவர், டொலர் கணக்கில் 16,000க்கு மேல் கொடுத்து 10,000 வாங்கியிருக்கிறார். இடையில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியதை நாம் எல்லோரும் சமையலறையில் அனுபவித்தோம். அப்படி ஒரு வருடம் திரும்ப வரும் என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு ரூபாயில் ஒரே தொகையைப் பூட்டி வைத்தால், விலையேற்றத்தின் பாரம் கொடுத்தவர் தலையில்தான் விழும். வாங்கியவர் கனடாவில் டொலரில் உழைப்பவர்.

இன்னொன்று. "நமக்குள் எதற்கு உறுதி" என்று தமையனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. காணி, வீட்டின் மீதான ஈடோ ஒத்தியோ நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தின் முன் அதற்கு வலுவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் அதுதான் நிலை. அவர் வெளிநாட்டில் இருப்பதால் இங்கே ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்திடும் அதிகாரம், கொடுக்க வேண்டும், பிறகு உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நாளைக்கு அவர் அந்த வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதினாலோ விற்றாலோ, கையில் உறுதி இல்லாத நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

சரி, எங்கே போவது?

நல்ல பள்ளிக்கூடம் என்றால் நகரம்தான் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் அது எப்போதுமே அப்படி இருந்ததில்லை. உடுவில் மகளிர் 1824, பருத்தித்துறை ஹாட்லி 1838, தெல்லிப்பழை மகாஜனா 1910. பேர் சொல்லும் கல்லூரிகளில் பல நகரத்துக்கு வெளியேதான் வளர்ந்தன. உங்களுக்கு ஒரு பிள்ளை அல்ல, இரண்டு பிள்ளைகள். மகள் வேம்படிக்குப் போனால், இரண்டு வருடத்தில் மகனுக்கு வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டும். அதனால் நான் பார்ப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரை அல்ல, ஓர் இடத்திலிருந்து எத்தனை கதவு திறக்கிறது என்பதை.

அப்படிப் பார்த்தால் கொக்குவில் எனக்குப் பிடிக்கிறது. காங்கேசன்துறை வீதியில் பஸ் ஓடுகிறது, புகையிரத நிலையம் இருக்கிறது, நகரம் நான்கைந்து கிலோமீற்றருக்குள். மகளுக்கு வேம்படியோ இந்து மகளிரோ கிடைத்தால் பஸ்ஸில் போகலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் கொக்குவில் இந்து பக்கத்திலேயே இருக்கிறது, மகனுக்கும் அது உண்டு. யாழ். இந்துவும் தூரமில்லை. ரியூசனுக்குத் தனியாக வான் பிடிக்கத் தேவையில்லை. நகரப் பக்கம் குடிவருபவர்களின் பணம் பள்ளிக்கூடத்தில் போவதைவிட ரியூசனிலும் அதற்கான பயணத்திலும்தான் கூடப் போகிறது.

கணவர் சொல்லும் சாவகச்சேரியையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவருக்கு இடமாற்றம் கிடைக்காவிட்டால் நாளாந்தம் கிளிநொச்சி போய்வர வேண்டும். கொக்குவிலில் இருந்து போக வர 130 கிலோமீற்றரைத் தாண்டும், சாவகச்சேரியில் இருந்து நூறளவு. சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேர்க் கல்லூரியும் இருக்கின்றன, இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாசலில் விடலாம். இடமாற்றம் ஒரு வருடத்துக்குள் வரும் என்று அலுவலகத்தில் உறுதியாகச் சொன்னால் கொக்குவில். இல்லையென்றால் கணவர் சொல்வதுதான் சரி. ஏ9 வீதியில் தினமும் நான்கு மணித்தியாலம் போகும் தகப்பனுக்குப் பிள்ளையின் கணக்குக் கொப்பியைப் பார்க்க நேரம் இருக்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வி வரவில்லை, ஆனால் அது பெரிய கேள்வி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குக் கிளிநொச்சியின் வெட்டுப்புள்ளி வழக்கமாக யாழ்ப்பாணத்தைவிடக் குறைவு. மாவட்டத்தைத் தீர்மானிப்பது ஆறாம் தரத்தில் எங்கே படித்தாள் என்பதல்ல. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் இருந்தாள் என்பதே. ஆகவே பத்தாம் தரத்தில் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும், திரும்பிப் போவதா, நிற்பதா என்று. சாதாரண தரம் எழுதும் நேரத்தில் பாடசாலை மாறுவது பிள்ளைக்குச் சுமை என்பதால் அது இலகுவான முடிவாகவும் இருக்காது. அந்த முடிவை எடுக்கும் சுதந்திரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். எட்டு வருட ஒத்தி அதை இன்றைக்கே பறித்துவிடுகிறது. கிளிநொச்சி வீட்டை விற்காதீர்கள் என்பதும் இதனால்தான். பூட்டியும் வைக்காதீர்கள், ஆளில்லாத வீடு இரண்டு மாரியில் பழுதாகிவிடும். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் மட்டும், வாடகைக்கு விட முன் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

காப்புறுதிக்காரர் சொன்ன திட்டத்துக்கு அதிக நேரம் செலவழிக்க விரும்பவில்லை. மாதம் 8,000 பதினைந்து வருடம் என்றால் நீங்கள் கட்டுவது 14 இலட்சத்து 40 ஆயிரம். அது 40 இலட்சமாக வேண்டுமானால் வருடம் தவறாமல் 12 வீதம் அளவு வளர வேண்டும். அந்த 12 வீதம் உத்தரவாதமா, அல்லது காட்டுவதற்காகப் போட்ட எடுகோளா என்று எழுத்தில் கேளுங்கள். அதையும்விட, பதினைந்து வருடத்தில் உங்கள் மகளுக்கு 26 வயது. எந்தப் படிப்புக்கு அந்தக் காசு? 13 வீத அடைவை அப்படியே வைத்துக்கொண்டு 12 வீதக் கனவுக்குக் காசு கட்டக் கூடாது. கணவருக்கு ஏதும் நடந்தால் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஆயுள் பாதுகாப்பு மட்டும் தரும் மலிவான காப்புறுதியைத் தனியாக எடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேமிப்பு 8 இலட்சத்தில் 6 இலட்சத்தை எடுத்து நாளைக்கே அடைவை மீட்பேன். 8 வீதம் உழைக்கும் காசை வைத்துக்கொண்டு 13 வீதம் கட்டுவதில் அர்த்தமில்லை. மிச்ச அடைவு 3 இலட்சம், அதன் வட்டி மாதம் 3,250. கையில் இருக்கும் 2 இலட்சத்தில் மூன்று மாத முற்பணம் 75,000, மீதி அவசரத்துக்கு. வாடகையும் வட்டியுமாக மாதம் 28,250. தையலைப் பாதியாகப் போட்டும் 66,000 மிஞ்சும். ஒத்தி எடுத்திருந்தால் 46,000தானே மிஞ்சியிருக்கும்? அந்த 46,000க்குள் வாழப் பழகி, மற்ற 20,000ஐ மாதாமாதம் அடைவுக்குக் கட்டுங்கள். பதினைந்து மாதத்தில் நகை எல்லாம் வீட்டில். மீட்ட நகையைப் பற்றி உறவில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

தமையனாரிடம் பேசுவது உங்கள் கணவர். நீங்கள் பேசினால் "மருமகள்தான் தடுக்கிறாள்" என்று முடிந்துவிடும், அது உங்களுக்கு நியாயமல்ல. அவர் இரண்டு விஷயம் மட்டும் சொன்னால் போதும்: "அண்ணை, ஒத்திக்குக் காசு இல்லை. கோண்டாவில் வீட்டை மாதம் 25,000 வாடகைக்குத் தருவதென்றால் நாங்களே இருக்கிறோம், ஒரு வருட உடன்படிக்கை எழுதுவோம்." அவர் ஒத்துக்கொண்டால் நல்லது, 2023இல் கொடுத்த 4 இலட்சத்தை வாடகையில் கழிக்கலாமா என்றும் அப்போது கேட்கலாம். பதினாறு மாத வாடகை அது. ஒத்துக்கொள்ளாவிட்டால், இடமாற்றமும் உறுதியென்றால், கொக்குவில் வீட்டுக்காரருக்கு முற்பணத்தைக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மகள் பத்தாம் தரத்துக்கு வரும்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். மாவட்டக் கணக்கை அப்போது அவளுடைய புள்ளிகளையும் வைத்துப் பார்ப்போம்.