தினமும் ஓட்டப்போறது யாரு, அவங்க உக்காந்து பாக்கட்டும் முதல்ல

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்கு முதல் தடவையா புது கார் வாங்கப்போறோம். நான், அவர், ரெண்டு பசங்க (9 வயசு, 4 வயசு), அப்புறம் முழங்கால் ஆபரேஷன் பண்ணின எங்க அத்தை. அவருக்கு 7 சீட்டர் பெரிய எஸ்யூவி தான் வேணுமாம். டீசல் எடுத்தா தான் லாபம்னு கொழுந்தனார் சொல்றார். ஷோரூம்ல டாப் வேரியன்ட் எடுங்க, சன்ரூஃப் வருதுன்னு தினமும் போன். வீடியோ பாத்து பாத்து எனக்கு தலை சுத்துது. தினமும் போக வர 24 கிலோமீட்டர், முழுக்க டிராபிக். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு போவோம், அது ஒரு பக்கம் 400 கிலோமீட்டர். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல பார்க்கிங், அங்க பிளக் பாயிண்ட் கிடையாது. பசங்கள ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீஸ் போறது நான் தான், அவர் ட்ரெயின்ல போயிடுவார். என்ன வண்டி எடுக்கலாம்?
- குழப்பத்தில் ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை 7 சீட்டர், டீசல், சன்ரூஃப் இது தான் கண்ணுல பட்டுச்சு, ரெண்டாவது தடவை தான் அந்த கடைசி வரி மனசுல நின்னுச்சு, தினமும் ஓட்டப்போறது நீங்க. வீட்டுக்காரர் ஒண்ணு சொல்லிட்டார், கொழுந்தனார் ஒண்ணு சொல்லிட்டார், ஷோரூம்காரர் ஒண்ணு சொல்லிட்டார், ஆனா ஸ்டியரிங்க பிடிக்கப்போற உங்களுக்கு என்ன வேணும்னு அவ்வளவு பெரிய லெட்டர்ல ஒரு வரி கூட நீங்க எழுதல. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டு பாருங்க. வருஷத்துக்கு 250 நாள் ஆபீஸ்னு வச்சா 6,000 கிலோமீட்டர், அவ்வளவும் டிராபிக்ல. ஊருக்கு போக வர 800, ரெண்டு தடவைன்னா 1,600. ஆஸ்பத்திரி, கடை, சொந்தக்காரங்க வீடுன்னு இன்னொரு 2,000 சேர்த்தாலும் 10,000-ஐ தாண்டாது. இப்ப இந்த கணக்கை கொழுந்தனார் கிட்ட காட்டுங்க. லிட்டருக்கு 15 ஓடுற பெட்ரோல் வண்டி 10,000 கிலோமீட்டருக்கு 667 லிட்டர் குடிக்கும், 20 ஓடுற டீசல் வண்டி 500 லிட்டர். வித்தியாசம் 167 லிட்டர் தான், அதுவும் ஒரு முழு வருஷத்துக்கு. 667-ஐ உங்க ஊர் பெட்ரோல் விலையாலயும் 500-ஐ டீசல் விலையாலயும் பெருக்கி, முதல்ல வந்ததுல இருந்து ரெண்டாவதை கழிங்க, டீசல் வண்டிக்கு ஷோரூம்ல எவ்வளவு அதிகமா கேக்குறாங்களோ அதை இதால வகுத்து பாருங்க, எத்தனை வருஷம் ஓட்டினா அந்த பணம் திரும்பும்னு தெரிஞ்சுடும். நான் இப்படி போட்டு பாத்த பல வீட்டுல, அந்த வண்டியை விக்கிற வருஷம் கூட தாண்டி தான் விடை வந்திருக்கு.

டீசல்ல இன்னொரு விஷயம் இருக்கு, இதை நிறைய பேர் வண்டி எடுத்தப்புறம் தான் தெரிஞ்சுக்கறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். இப்ப வர டீசல் வண்டியில புகை போற குழாய்ல ஒரு ஃபில்டர் இருக்கு, டிபிஎஃப்னு சொல்லுவாங்க, கரித்தூளை பிடிச்சு வச்சுக்கும். பிடிச்சு வச்ச கரியை அப்பப்ப எரிச்சு தள்ளணும், அதுக்கு ஃபில்டருக்குள்ள 600 டிகிரி பக்கம் சூடு ஏறணும். ஹைவேல நிறுத்தாம ஒரு இருபது நிமிஷம் போனா அது தானா எரிஞ்சுடும். உங்களுக்கு 12 கிலோமீட்டர், அதுவும் சிக்னல் சிக்னலா நின்னு நின்னு போறது, சூடு ஏறி வேலை ஆரம்பிக்கும்போது நீங்க ஆபீஸ் வாசல்ல வண்டியை ஆஃப் பண்ணிடுவீங்க. கரி சேர்ந்துட்டே போகும், மீட்டர்ல லைட் எரியும், கவனிக்காம விட்டா வண்டி பிக்கப் குறைஞ்சு ஒர்க் ஷாப் வாசல்ல நிக்கும். தினமும் நூறு கிலோமீட்டர் ஹைவேல ஓட்டுறவங்களுக்கு டீசல் அருமையான வண்டி, கொழுந்தனார் ஒருவேளை அப்படி ஓட்டுறவரா இருக்கலாம், அவர் சொன்னது அவருக்கு சரி. உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து 7 சீட்டர். இதை சொல்லும்போது எனக்கு கொஞ்சம் மனசு கஷ்டமா தான் இருக்கும். நானும் ஒரு தடவை எல்லாரும் ஒண்ணா போகலாம்னு ஆசைப்பட்டு பெரிய வண்டி எடுத்தேன். எங்க அப்பாவுக்கு அப்ப முழங்கால் வலி ஆரம்பிச்சிருந்தது. பின் கதவை திறந்தா தரை அவர் முழங்கால் உயரத்துல இருக்கும், மேல கைப்பிடியை பிடிப்பார், வலது காலை தூக்கி வைப்பார், உடம்பு மேல ஏறாது, காலை மறுபடி தரையில வச்சுட்டு ஒரு தரம் மூச்சு வாங்கிப்பார், அப்புறம் நான் பின்னால இருந்து தாங்கி ஏத்துவேன். கொஞ்ச நாள்ல "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டுல இருக்கேன்"னு சொல்ல ஆரம்பிச்சார். அசதின்னு நினைச்சேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் பக்கத்து வீட்டு சின்ன கார்ல அவரே கதவை திறந்து உக்காந்து போனதை பாத்தப்ப தான் எனக்கு புரிஞ்சுது, அவருக்கு வெளியே வர ஆசை இருந்திருக்கு, என் வண்டியில ஏற தான் முடியல.

அதனால உங்க அத்தை இல்லாம ஷோரூம் போகாதீங்க. அவங்களை பின் சீட்ல ஏறி இறங்க சொல்லுங்க, ஒரு தடவை இல்ல, மூணு தடவை. சீட்டோட உயரம் அவங்க இடுப்புக்கு கொஞ்சம் கீழ இருந்தா நல்லது, அப்படியே பக்கவாட்டுல உக்காந்து ரெண்டு காலையும் உள்ள திருப்பிக்கலாம். ரொம்ப தாழ்வான கார்ல உக்காரது சுலபம், எழுந்திருக்கும்போது முழங்கால் தான் மொத்த பாரத்தையும் தாங்கும், அதுவும் கஷ்டம். கதவு எவ்வளவு அகலமா திறக்குதுன்னு பாருங்க, கதவுக்கு கீழ இருக்கிற அந்த படி அகலமா இருந்தா கால் தாண்டி வரணும், அதையும் பாருங்க. இதெல்லாம் எந்த வீடியோவுலயும் வராது.

மூணாவது வரிசை சீட்டை பத்தி ரெண்டு வார்த்தை. நீங்க அஞ்சு பேர், அதுல ரெண்டு சின்ன பசங்க. அந்த கடைசி சீட்டை விரிச்சா பின்னால பெட்டி வைக்க இடமே இருக்காது, மடிச்சா அது இருந்தும் ஒண்ணு தான் இல்லாட்டியும் ஒண்ணு தான். பெரும்பாலான வண்டியில அங்க உக்காந்தா தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு ஜாண் தான் இருக்கு, பின்னால இருந்து ஒருத்தன் வந்து இடிச்சா நசுங்குறதுக்கு வேற இடம் இல்ல. என் குழந்தையை அங்க உக்கார வைக்க மாட்டேன். வருஷத்துல ரெண்டு நாள் ஏழு பேர் போகணும்னா அன்னிக்கு வாடகைக்கு வண்டி எடுத்துக்கங்க, மீதி 363 நாளும் அந்த பெரிய உடம்பை பேஸ்மென்ட் தூணுக்கு நடுவுல நீங்க தான திருப்பணும்.

சரி, கியர். உங்க டிராபிக்குக்கு ஆட்டோமேட்டிக் தான், யோசிக்கவே வேண்டாம். ஆனா ஆட்டோமேட்டிக்ல நாலு ஜாதி இருக்கு, ஷோரூம்ல எல்லாத்தையும் ஒரே பேர்ல தான் சொல்லுவாங்க, எதுன்னு கேட்டு வாங்குங்க. ஏஎம்டி-ன்னா உள்ள சாதாரண கியரும் கிளட்ச்சும் தான், கால் பண்ற வேலையை ஒரு மோட்டார் பண்ணும். விலை குறைவு, மைலேஜ் நல்லா வரும், கியர் மாறும்போது தலை முன்னால ஒரு சின்ன ஆட்டம் ஆடும். டிசிடி-ல ரெண்டு கிளட்ச், ஹைவேல ஓட்ட ஜோரா இருக்கும், ஆனா அதுல டிரை கிளட்ச் (ஆயில்ல நனையாத கிளட்ச்) வகையா இருந்தா ஊர்ந்து ஊர்ந்து போற டிராபிக்ல சூடு ஏறும், உங்க ரூட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். சிவிடி-ல கியரே கிடையாது, பெல்ட்டும் புல்லியும் தான், வெண்ணெய் மாதிரி போகும், வேகமா மிதிச்சா மட்டும் என்ஜின் கத்தும் வண்டி மெதுவா வரும். டார்க் கன்வெர்ட்டர்ங்கிறது பழைய ஆள், ஆயில் வழியா சக்தி போறதால நின்னு நின்னு போறதை தாங்கும். உங்களுக்கு கடைசி ரெண்டுல ஒண்ணு. ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது) உங்க பட்ஜெட்டுக்குள்ள வந்தா அதையும் பாருங்க, பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை பேட்டரியில பிடிச்சு வச்சுக்கறதால டிராபிக்ல தான் அதுக்கு அதிக லாபம்.

எலக்ட்ரிக் பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லணும். 24 கிலோமீட்டருக்கு சுமாரா 4 யூனிட் கரண்ட் போதும், ஒரு 15 ஆம்பியர் பிளக்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஏறிடும், உங்க தினசரி ஓட்டத்துக்கு அதை விட பொருத்தமா ஒண்ணும் இல்ல. பிளக் தான் இல்ல. அபார்ட்மென்ட்ல பெர்மிஷன் கையில வந்தப்புறம் மட்டும் அதை யோசிங்க, "அப்புறம் போட்டுக்கலாம்"னு நம்பி வண்டியை எடுத்துட்டு தினமும் வெளியே சார்ஜ் போட அலையாதீங்க.

இப்ப டாப் வேரியன்ட் விஷயம். சன்ரூஃபுக்கு கொடுக்கிற காசை பாதுகாப்புக்கு கொடுங்க. ஆறு ஏர்பேக், எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், பின் சீட்ல மூணு பேருக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்து பிடிக்கிற த்ரீ பாயிண்ட் பெல்ட், இது எந்த வேரியன்ட்ல இருந்து வருதோ அங்க நிறுத்திக்கலாம். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 1995-ல மெர்சிடிஸ் கார்ல வந்தது, வண்டி வழுக்க ஆரம்பிச்சா எந்த சக்கரத்துக்கு பிரேக் போடணுமோ அதுக்கு மட்டும் தானா போட்டு வண்டியை நேராக்கும். மழையில பசங்களை வச்சு ஓட்டுறவங்களுக்கு இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. த்ரீ பாயிண்ட் பெல்ட் அதை விட பழசு, 1959-ல வோல்வோல நில்ஸ் போலின்ங்கிற என்ஜினியர் கொண்டு வந்தது, அந்த டிசைனை எல்லா கம்பெனியும் போட்டுக்கலாம்னு திறந்து விட்டுட்டாங்க. அப்படி இருந்தும் நடு சீட்ல இடுப்பு பெல்ட் மட்டும் வச்சு விக்கிற வண்டி இருந்தா அதை எடுக்காதீங்க, அங்க உக்காரப்போறது உங்க வீட்டு ஆள்.

காரை மோத விட்டு டெஸ்ட் பண்ணி கொடுக்கிற ஸ்டார் ரேட்டிங் பாக்கும்போது வருஷத்தையும் சேர்த்து பாருங்க. ஃபியட் புன்டோ 2005-ல ஐரோப்பாவோட யூரோ என்கேப் டெஸ்ட்ல 5 ஸ்டார் வாங்கின கார், 2017-ல மறுபடி டெஸ்ட் பண்ணினப்ப பூஜ்யம் ஸ்டார். இடையில டெஸ்ட் அவ்வளவு கடுமையாயிடுச்சு. பழைய 5 ஸ்டாரை காட்டி வித்தா கேள்வி கேளுங்க.

சின்னவனுக்கு இன்னும் சைல்டு சீட் வேணும், மடியில வச்சுக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. ஷோரூம்ல பின் சீட்ல உக்காரும் மெத்தையும் சாயும் மெத்தையும் சேர்ற இடுக்குல விரலை விட்டு தேடுங்க, ஒரு கம்பி தட்டுப்படும், அது தான் ஐசோஃபிக்ஸ், சைல்டு சீட் அதுல தான் மாட்டும். சில வண்டியில அந்த கம்பி மெத்தைக்குள்ள புதைஞ்சு கிடக்கும், தினமும் மாட்டி கழட்ட விரல் நோகும். பெரியவனுக்கு பெல்ட் போட்டு பாருங்க, தோள்ல படணும், கழுத்துல உரசினா அவனுக்கும் உயரத்தை கூட்டுற பூஸ்டர் சீட் வேணும். ரெண்டு சீட்டும் வச்சப்புறம் அத்தை உக்கார இடம் மிச்சம் இருக்கான்னு அங்கேயே பாத்துடுங்க. முக்கியம் இது. நிறைய வண்டி இந்த ஒரு இடத்துல தான் தேறாது.

டெஸ்ட் டிரைவ் நீங்க ஓட்டணும், அவர் இல்ல. ஷோரூம் ஆள் காட்டுற காலி ரோட்டுல வேண்டாம், உங்க ஆபீஸ் ரூட்டுல, காலைல அந்த டிராபிக் நேரத்துல கேளுங்க, கொடுப்பாங்க. பாட்டை நிறுத்திட்டு ஓட்டுங்க. ராம்ப்ல பாதியில நிறுத்தி மறுபடி எடுத்து பாருங்க, பின்னால உருளுதான்னு தெரியும். வலது பக்கம் இடது பக்கம் திரும்பும்போது முன் கண்ணாடி ஓரத் தூண் ரோட்டை கடக்கிற ஆளை மறைக்குதா பாருங்க. ஏசியை கூட்டி குறைக்க ஸ்கிரீன்ல தேட வேண்டியிருந்தா அது ஓட்டுறவங்களுக்கு தொல்லை, கையால தடவி திருகுற மாதிரி குமிழ் இருக்கட்டும். முடிஞ்சா இன்னொரு நாள் இருட்டினப்புறம் ஒரு ரவுண்டு, ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்குதுன்னு பகல்ல தெரியாது.

அப்ப என்ன வண்டின்னு கேக்குறீங்க. நாலு மீட்டர் நீளத்துக்கு கொஞ்சம் முன்னப்பின்ன, உயரமான ஹேட்ச்பேக் இல்லாட்டி சின்ன எஸ்யூவி, பெட்ரோல், சிவிடி இல்லாட்டி டார்க் கன்வெர்ட்டர், நடு வேரியன்ட். கம்பெனி பேர் நான் சொல்ல மாட்டேன், உங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல எந்த கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கோ அதுல இருந்து ரெண்டு வண்டியை எடுத்துட்டு அத்தையை ஏத்தி பாருங்க. வீட்டுக்காரர் கிட்ட சண்டை வேண்டாம், அவங்க அம்மா ஏறி இறங்குறதை அவர் பக்கத்துல நின்னு பாக்கட்டும், அது போதும்.

டெலிவரி எடுக்கும்போது பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னால டயர் பக்கவாட்டுல டிஓடி-ன்னு ஆரம்பிக்கிற எழுத்தோட கடைசி நாலு நம்பரை பாருங்க, 1425-ன்னு இருந்தா 2025-ல 14-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நம்பர் சில சமயம் உள் பக்கம் இருக்கும், குனிஞ்சு டார்ச் அடிச்சு பாருங்க. நாலு டயரோட ஸ்டெப்னியும் சேர்த்து. ரொம்ப பழசா இருந்தா மாத்தி கொடுத்தா தான் எடுப்பேன்னு நில்லுங்க.