வசம்பை வைத்துவிட்டுக் கேளுங்கள்: மூளை, பேச்சு, வாசிப்பு

பாளையங்கோட்டையில் பேச்சு, வாசிப்பில் சிரமப்படுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேள்வியைக் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம்: அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசம். பேசுறாங்க, எழுதுறாங்க. எழுதினதை அவங்களாலேயே படிக்க முடியல. நடிக்கிறாங்களோன்னு அம்மாவுக்குச் சந்தேகம்.

நடிப்பில்லை. இதே போன்ற ஒருவரைப் பாரிஸில் டெஜெரின் என்ற மருத்துவர் 1892இல் விவரித்திருக்கிறார். மூளையின் இடப்பக்கம், பின்னால் அடியில், எழுத்தை அடையாளம் காணும் சிறு பகுதி இருக்கிறது. கண்ணிலும் பழுதில்லை, மொழியிலும் பழுதில்லை. நடுவில் பாதை அடைபட்டால் இப்படி ஆகும். எழுதும் கைக்கு வேறு பாதை. என்னிடம் வந்த ஒரு மளிகைக்கடைக்காரர் எழுத்தைத் தொடையில் விரலால் வரைவார், வரைந்து முடித்ததும் 'அ' என்பார். கண் தராததை விரல் தந்தது. அப்பாவையும் வரையச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

வள்ளியூர்: பேரனுக்கு மூணு வயசு, பேச்சே இல்லை. வசம்பு உரசி நாக்கில் தடவலாமா?

வேண்டாம். பேச்சு நாக்கிலா இருக்கிறது? முதலில் காதைச் சோதியுங்கள். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்?

சங்கரன்கோவில்: மகன் இடது கைக்காரன். பேச்சைப் பாதிக்குமா? கையை மாற்றணுமா?

வேண்டாம். இடக்கைக்காரர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கம்தான்.

தென்காசி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): தமிழில் எழுதியபடியே வாசிக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு வாசிப்புக் குறைபாடு எப்படி வரும்?

ஐயா, பக்கம், பகல், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே 'க', மூன்று ஒலி. 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால். பிள்ளை 'கெ' என்று தொடங்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

தென்காசி: எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு விதி உண்டம்மா!

உண்டு. ஆறு வயதுப் பிள்ளை விதி படித்துவிட்டா வருகிறது? ஆனால் பாதி சரிதான். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழிகளில் இந்தக் குறைபாடு தப்பும் தவறுமாகப் படிப்பதைவிட, மெதுவாகப் படிப்பதாகவே தெரியும். அதனால் பிள்ளை 'சோம்பேறி' என்று அடி வாங்கும்.

களக்காடு: எங்க பிள்ளை 'பளம்'னு எழுதுது. குறைபாடா?

வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?

களக்காடு: பளம்னுதான்.

பிள்ளை காதில் விழுந்ததை எழுதுகிறது.

தென்காசி: அதைத்தான் நானும் சொல்கிறேன், உச்சரிப்பு...

ஐயா, அதை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

நாங்குநேரி: வசம்பு...

மேலே பாருங்கள். காது, காது, காது.

கோவில்பட்டி: ஸ்கேன் எடுத்தால் வாசிப்புக் குறைபாடு தெரியுமா?

தெரியாது. ஆராய்ச்சியில் எடுக்கும் படம், மூளை வேலை செய்யும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைக் காட்டும், அதுவும் சில விநாடி தாமதமாக. பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். காசைப் பத்திரமாக வையுங்கள்.

அம்பாசமுத்திரம்: அக்கா! தினத்தந்தியை எடுத்து வச்சோம். தொடையில வரைஞ்சு 'தி' சொல்லிட்டாங்க! 'ன'வுல நிக்குது.

நிற்கட்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.