ஒன்பது வயதுப் பையன் எதற்கும் மல்லுக்கு நிற்கிறான்: சேட்டையா, கோளாறா?

ஒன்பது வயது மகன் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறான், இது வெறும் சேட்டையா, கோளாறா என்று திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கையோடு மட்டும் சண்டை என்றால் அது கணக்கில் வராது. பெற்றோர், டீச்சர் என்று மற்றவர்களிடமும் எரிச்சல், வாக்குவாதம், வேண்டுமென்றே சீண்டுவது, பழியை அடுத்தவர் மேல் போடுவது, இதெல்லாம் 6 மாதமாவது தொடர வேண்டும். அவன் வயதில் வாரம் ஒரு தடவையாவது நடக்க வேண்டும். அப்போதுதான் எதிர்ப்பு நடத்தைக் கோளாறா, அதாவது எதிர்த்து நிற்பதே வழக்கமாகிவிட்ட மனநலப் பிரச்சினையா என்று டாக்டர் யோசிப்பார். சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்கு அடம்பிடித்ததை எல்லாம் இதில் சேர்க்காதீர்கள்!

திருட்டு, நாய்க்குட்டியை வதைப்பது, தீ வைப்பது என்று போனால் விஷயம் வேறு. அதற்கு 6 மாதம் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். கவனக்குறைவுக் கோளாறோ (ADHD) வீட்டுச் சண்டையோகூட இந்த நடத்தைக்குப் பின்னணியில் இருக்கலாம். அவனை அடித்தால் பிரச்சினை அதிகமாகத்தான் ஆகும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டீச்சர் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். உடனே போக முடியாவிட்டால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசலாம்.